தகப்பன் பெயர் கட்டாயம்

கிழக்குத் தாம்பரம் முனிரத்தினம் மருத்துவமனையில் புதிய மென்பொருள் ஓடத் தொடங்கிய முதல் திங்கட்கிழமை, காலை பத்து மணிக்குள் இறந்துபோன தகப்பன்மார் நாற்பத்தொரு பேர் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்து சேர்ந்தார்கள். அன்று வாசலில் இளநீர் அறுபது ரூபாய். அவர்கள் வந்த காரணம் மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. மென்பொருளை எழுதியவர்கள் வடக்கே எங்கோ இருந்தார்கள். குடும்பப் பெயர் இல்லாத மனிதனை அவர்கள் பார்த்ததில்லை. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பதிவு நகராது. இங்கே வருகிறவர்களுக்கு இனிஷியல்தான் உண்டு. பதிவு மேசை ஹேமாவதி ஒற்றை எழுத்தைத் தட்டிப் பார்த்தாள், அது ஏற்கவில்லை. ஆகவே இனிஷியலை விரித்து அப்பா பெயரை முழுதாகப் போட்டாள். டோக்கன் அழைக்கும் இயந்திரக் குரல் மரியாதை கருதிக் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும். கூப்பிட்டது; பெயருக்கு உரியவர்கள் வந்தார்கள். உயிரோடு இருந்த தகப்பன்மாரும் படப்பையிலிருந்தும் மாடம்பாக்கத்திலிருந்தும் பஸ் பிடித்துப் புறப்பட்டார்கள், அவர்களுக்குத்தான் நேரமானது.

மருத்துவமனையைக் காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்றும் பொறுப்பு சத்யபிரியாவுடையது. இரண்டு வருடமாக அவள் டாக்டர்களைத் தட்டச்சு செய்யச் சொல்லி மன்றாடியிருந்தாள். எலும்பு டாக்டர் தன் டிரைவரை வைத்து மருந்துச் சீட்டு அடித்ததைக் கண்டும் காணாமல் விட்டிருந்தாள். மார்ச் முப்பத்தொன்றுக்குள் எல்லாம் சீராக ஓடாவிட்டால் ஒப்பந்தமும் ரத்து, அவள் வேலையும் ரத்து என்று சேர்மன் சொல்லியிருந்தார். இப்போது நாற்காலிகளில் பாதியை இறந்தவர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதினாள். அழைக்கப்பட்டவர் வருவது பிழையாகாது என்று பதில் வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் ரத்த அழுத்தம் பார்ப்பது விதி. கருவி பூஜ்யம் காட்டியது, மென்பொருள் பூஜ்யத்தை ஏற்கவில்லை. நர்ஸ் ஜெரூஷா எல்லாருக்கும் 120/80 என்று போட்டாள். மூன்று மாதத்தில் அந்த மருத்துவமனைப் பதிவிலேயே மிக ஆரோக்கியமானவர்கள் செத்தவர்கள்தான் என்றாயிற்று.

ஊழியர்களும் வருடாந்தரப் பரிசோதனைக்குப் பதிவு செய்ய வேண்டும். சத்யபிரியா மட்டும் தள்ளிப்போட்டாள். அவள் அப்பா ஏசுபாதம், மகள் செய்துகொண்ட கல்யாணம் பிடிக்காமல் எட்டு வருடம் அவளோடு பேசாமலே இறந்தவர். இந்தக் கூட்டத்தில் அவரும் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்காருவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

தகப்பன்மார் சும்மா இருக்கவில்லை. ஏசி போதவில்லை என்றார்கள், மகன் இளைத்துவிட்டான் என்றார்கள், டாக்டருக்கு வயது போதாது என்றார்கள். இவர்களில் மோசமானவர் குப்புராஜ். படப்பையில் வேன் ஓட்டும் தீனாவின் அப்பா, இறந்து ஆறு வருடம். மகன் காலில் ஆறாத புண்ணோடு வந்த நாளெல்லாம் அவரும் வந்தார். ஒருநாள் கேண்டீனில் சத்யபிரியாவை மடக்கினார்.

"எம்மா, எம்புள்ளைக்கு பென்சிலின் ஆவாது. ஃபைல் அட்டைல செவப்பு இங்க்ல எழுதிகீது. உன் டிவில அது வர்ல."

"எல்லாம் ஸ்கேன் ஆயிடுச்சு பெரியவரே."

"அட்டையும் ஆச்சா?"

"ரிசப்ஷன்ல ஒரு கம்ப்ளெயின்ட் டிக்கெட் போட்டுடுங்க, பார்க்கிறோம்."

"இன்னா டிக்கெட்டு, பீச் ஸ்டேஷனுக்கா?" என்றார் குப்புராஜ். "செத்தும் பேஜார் தீரல."

மார்ச் இருபத்தெட்டாம் தேதி மதியம் திருத்தம் வந்தது. குடும்பப் பெயர்க் கட்டம் இனிக் கட்டாயமில்லை. குரல் நோயாளி பெயரையே சொல்லும். தகப்பன்மார் பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவிலேயே காணாமல் போனார்கள். நாற்காலிகள் காலியாயின. சேர்மன் ஸ்வீட் பாக்ஸ் அனுப்பினார். சத்யபிரியா மூன்று மாதத்தில் முதல்முறையாகச் சூடு ஆறுவதற்குள் டீயைக் குடித்தாள். அப்போது குரல் கூப்பிட்டது: தீனா, ஊசி அறை.

அட்டை என்று குப்புராஜ் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த மருத்துவமனையில் முப்பது வருடமாக நர்ஸுகள் ஆகாத மருந்தை ஃபைலுக்குள் எழுதுவதில்லை. கண்ணில் பட வேண்டும் என்று அட்டையின் மேல் சிவப்பு மையில் எழுதுவார்கள். தடித்த அட்டை இயந்திரத்துக்குள் போகாது என்று ஸ்கேன் எடுத்தவர்கள் அட்டைகளைக் கிழித்துப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டார்கள், கிலோ பதினான்கு ரூபாய். ஒப்புதல் கையெழுத்து அவளுடையது. திரையைத் திறந்தாள். தீனா, ஒவ்வாமை: இல்லை. அடுத்த ஆள், இல்லை. யாரும் நிரப்பாத கட்டத்தில் மென்பொருள் தானாகவே 'இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தது, இருபத்திரண்டாயிரம் பேருக்கு.

லிஃப்டுக்குக் காத்திராமல் படியிறங்கி ஓடினாள். ஜெரூஷா தீனாவின் கையைத் துடைத்துவிட்டு ஊசியை எடுத்திருந்தாள்.

"ஜெரூஷா, நிறுத்து. என்ன மருந்து அது?"

"பென்சிலின் மேடம். அலர்ஜி இல்லைன்னு சிஸ்டம்ல இருக்கே."

"சிஸ்டம் கிடக்கட்டும். தீனா, உனக்கு பென்சிலின் ஒத்துக்குமா?"

"தெர்லக்கா," என்றான் தீனா. "சின்ன வயசுல இன்னாவோ ஆயி, இங்கதான் அட்மிட் பண்ணாங்களாம். அதெல்லாம் எங்கப்பாக்குதான் தெரியும். காலைல கூட இங்கதான குந்திகினு இருந்தாரு."

சாயங்காலமே திருத்தத்தைத் திரும்பப் பெறச் சொன்னாள். அரும்பாடு பட்டுச் செய்தது மேடம் என்று புலம்பினான் மென்பொருள் நிறுவனத்துப் பொறியாளன். மறுநாள் காலை தகப்பன்மார் திரும்பி வந்து, அரை நாள் வீணானதற்கு யாரைக் கேட்பது என்று சத்தம் போட்டார்கள். குப்புராஜ் மட்டும் மகன் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். சேர்மன் ஒப்பந்தத்தைக் கிழிக்கவே இறங்கி வந்தார். சத்யபிரியா இருபத்திரண்டாயிரம் 'இல்லை'களை அச்செடுத்து அவர் முன்னால் வைத்தாள். நான்கு பக்கம் புரட்டியவர், அறுபது நாற்காலி வாங்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஹேமாவதி தகப்பன்மாரை வரிசையில் நிறுத்திக் கேட்டுக் கேட்டுக் கட்டங்களை நிரப்பினாள். எட்டு மாதம் ஆயிற்று. தரச்சான்று கொடுக்க வந்த அதிகாரிகள் குடும்ப மருத்துவ வரலாறு இவ்வளவு விரிவாக எங்கும் இல்லை என்று எழுதிவிட்டு, தாங்களும் ஒரு பதிவு போட்டு, வந்துசேர்ந்த தங்கள் அப்பாக்களோடு மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை சத்யபிரியா தன் பதிவைப் போட்டாள். குரல் ஏசுபாதத்தைக் கூப்பிட்டது. ரயில்வே பணிமனைக் காக்கிச் சட்டையோடு வந்தார். மகளைப் பார்க்கவில்லை, ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார்.

"ஏதாவது அலர்ஜி இருக்கா மேடம்?" என்று கேட்டாள் ஜெரூஷா.

"இல்ல."

ஏசுபாதம் ஜெரூஷாவைப் பார்த்துச் சொன்னார். "சல்ஃபா மாத்திரை ஆகாது. நாலு வயசுல உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு, ரெண்டு நாள் தோள்லயே வச்சிருந்தேன். எறா ஆகாது, அவளுக்குப் பிடிக்கும், திம்பா. மார்கழில மூச்சு வாங்கும். எல்லாத்தையும் எழுதிக்கம்மா."

பேசி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. கட்டம் போதாமல் ஜெரூஷா இன்னொரு கட்டம் திறந்தாள். கடைசியில் அவர் கையில் பட்டையைச் சுற்றி, கருவி காட்டியதைப் பார்க்காமலே 120/80 என்று போட்டாள்.