முழுத் தொண்டை

கடவுளைப் புகழ மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்றான் நிக்சன். கீபோர்டு தனி.

சந்தியாகு கண்ணாடிப் பெட்டிக்குள் விரல்களில் செபமாலை சுற்றப்பட்டுக் கிடந்தார். மகள் பிலோமி, பெட்டியின் மேல் படிந்த ஈரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே, கோவில் பாடகர் குழுத் தலைவனை ஏற இறங்கப் பார்த்தாள். தங்கச்சிமடத்தில் நண்டு வாங்கி விற்பவள். முதலில் சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை. இதற்குப் பேரம் பேச மட்டும் நாக்கு எழவில்லை.

"செத்த வீடுன்னு கம்மியாத்தான் சொல்றேங்க்கா. கல்யாணம்னா அஞ்சாயிரம்."

"எங்கப்பா இத்தன வருசம் சும்மாத்தானலே பாடுனாரு. அவர என்ன சொன்ன நீ?"

நிக்சன் செல்போனைப் பார்த்தான்.

அவன் சொன்னது ஊருக்கே தெரியும். போன ஈஸ்டர் பூசையில், மைக்கிலேயே சொன்னான்: "பெரியவரே, நீங்க பாடுனா நாங்க எப்படிப் பாடுறது? கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க." கோவிலே சிரித்தது. அவனை முழுக்கக் குற்றம் சொல்லவும் முடியாது. ராகம் சந்தியாகு இருந்த பக்கமே வந்ததில்லை. குழு ஒரு வரியை முடிக்கும் முன் அவர் அடுத்த வரியில் நிற்பார். கடலில் காற்றுக்கு எதிராகக் கூவிப் பழகிய மீன்காரத் தொண்டை. கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க, ஆண்டவருக்குக் காது மந்தம் என்பதுபோலப் பாடுவார். அன்றைக்குப் பிறகு வெளியே, செருப்புக் கழற்றும் இடத்தில் நின்று அதே சத்தத்தில் பாடினார்.

வியாபாரத்திலும் அப்படித்தான். காலை ஆறு மணிக்குக் கோவிலில் திரிகாலச் செப மணி அடித்தால், பிடித்துவந்த மீன் ஏலத்துக்குக் குவிந்து கிடந்தாலும் தலைத்துண்டை எடுத்துவிட்டுக் கைகூப்பி நின்றுவிடுவார். அதை அறிந்த வியாபாரிகள் அதுவரை கடலை ரசித்துக்கொண்டிருப்பார்கள். மணி அடித்ததும் ஏலத்தை அடிமாட்டு விலைக்கு முடிப்பார்கள். அதில் அருளப்பன் கெட்டிக்காரர்.

"செபத்த அஞ்சு நிமிசம் தள்ளி வச்சா சாமி ஓடியா போயிருவாரு?" என்று பிலோமி கத்தியிருக்கிறாள்.

"சாமி ஓட மாட்டாரு தாயி. நான் ஓடிருவேன்" என்பார்.

அவள் ஈரத்துணியைப் பிழிந்தாள்.

"ஆள் வேணாம்லே. நாங்களே பாடிக்கிறோம்."

"யாரு அக்கா பாடுவாக? நாங்க மைக்கப் பிடிச்சதுலருந்து சனம் வாயே தொறக்கிறதில்ல." கேலியாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். அதுதான் அவளுக்கு எரிந்தது.

மாலையில் சவப்பெட்டியைக் கோவிலுக்குள் இறக்கினார்கள். பங்குச் சாமியார் பீடத்துக்கு வந்து நின்றார். வருகைப் பாடலுக்கான நேரம். மின்விசிறிகள் மட்டும் ஓடின. ஆண்கள் கூரையைப் பார்த்தார்கள்; பெண்கள் முக்காட்டைச் சரிசெய்தார்கள். குவைத்தில் இருப்பவர்களுக்காக ஒருவன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். மூடிய கீபோர்டுக்குப் பக்கத்தில் நிக்சன் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தான்.

பிலோமி எழுந்து பாடினாள். நண்டு விலை கூவும் குரல். முதல் வரிக்கு ஒருவரும் சேரவில்லை. இரண்டாவது வரிக்கும் இல்லை. அவள் நிறுத்தித் திரும்பினாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீக? அந்த மனுசன் செருப்புக்குப் பக்கத்துல நின்னு பாடுனாரு. ஈஸ்டருக்குச் சிரிக்க மட்டும் எல்லாருக்கும் சத்தம் வந்துச்சுல்ல? அதுல பாதியாச்சும் இப்ப வரட்டும்."

"பிலோமினா, இது கோவிலும்மா" என்றார் சாமியார்.

"அதத்தான் சாமி நானும் கேக்குறேன். கோவில்னு தெரிஞ்சா வந்திருக்காக? பொட்டி பாக்க வந்திருக்காக."

சாமியார் புத்தகத்தில் பக்கம் தேடினார்.

காலையிலிருந்து அழவும் செய்யாமல் உட்கார்ந்திருந்த அம்மா சலேத், பெட்டியின் விளிம்பைப் பிடித்து எழுந்தாள். விட்ட இடத்திலிருந்து பாடாமல், அவரைப்போலவே ஒரு வரி முந்திப்போய் எடுத்தாள். பிலோமி ஓடிச் சேர்ந்துகொண்டாள். அடுத்து ஆண்கள் பக்கமிருந்து ஒரு கனத்த குரல் வந்தது. அருளப்பன். மணி அடிக்கக் காத்திருந்த அதே வாய். பிலோமி அவரை முறைத்தாள். அவர் நிறுத்தவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் உரக்கப் பாடினார். பிறகு ஆளாளுக்கு எடுத்தார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு சுருதியில். பொறுக்கமாட்டாமல் நிக்சன் கீபோர்டைத் திறந்து ஒரு கட்டையைத் தொட்டான்.

"கைய எடு" என்றாள் பிலோமி. எடுத்தான்.

கீபோர்டை மூடினான். பிறகு அவனுடைய உதடும் அசைந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கல்லறைத் தோட்டத்தில் மணல் சரிந்துகொண்டே இருந்தது. பெட்டியை இறக்கும்போது சலேத் அடக்கப் பாட்டை எடுத்தாள். இந்தத் தடவை யாரையும் திட்ட வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது சரணம் முடிந்ததும் கூட்டம் பிலோமியைப் பார்த்தது. பிலோமி அம்மாவைப் பார்த்தாள். சலேத் தெரியாதென்று தலையசைத்தாள். நிக்சனுக்கும் தெரியவில்லை. கடைசிச் சரணத்தை ஊர் பாடி எத்தனையோ வருடமாயிற்று. அது யார் வாயில் மட்டும் இருந்ததென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு குழிவெட்டி காத்திருந்தார்.

சரணம் நான்கு. பாடியது மூன்று. பாக்கி ஒன்று.