அடிக்கண்ணாடிக்கு ஒரு விரிப்பு

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். வீட்டிலும் அவள் டீச்சர்தான். கணவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். ஒருநாள் காலை, பாடத்தின் நடுவே சிக்னலில் வண்டி நின்றிருந்தபோது அவளுக்குப் பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது. பேச்சும் திரும்பி வந்தது. வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எதையும் பிடிக்கும், எப்போது விட்டுவிடும் என்று அதற்கே தெரியாது.

கூட இருந்து பார்த்துக்கொள்ள அக்கா வந்தாள். அன்புக்குக் குறைச்சல் இல்லை, தொல்லையே அதுதான். சட்டைப் பொத்தானை அக்கா போட்டாள், ஆப்பிளை அக்கா நறுக்கினாள், வருபவர்களுக்குப் பதிலையும் அக்காவே சொன்னாள். டீச்சர் கையிலிருந்து அடுத்தடுத்து இரண்டு கோப்பைகள் விழுந்து உடைந்ததும், சமையலறையில் இருந்த கண்ணாடியும் பீங்கானும் மேல்தட்டுக்குப் போய்விட்டன. அவளுக்கென்று இருபக்கமும் காது வைத்த பிளாஸ்டிக் டம்ளர் ஒன்று வந்து உட்கார்ந்தது. யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் அதில் தேநீர் குடித்து முடித்தாள். பிறகு, வரவேற்பறையில் ஒரு தொட்டி வைக்கப் போவதாகக் கணவரிடம் சொன்னாள். தங்கமீன் தொட்டியல்ல, உப்புத்தண்ணீர், பாறை, அதன்மேல் வளரும் உயிருள்ள பவளம். நான்கு பக்கமும் அடியும் கண்ணாடி.

கணவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். எதற்கும் பக்கவிளைவைத்தான் முதலில் யோசிப்பார். தொட்டி உடைந்தால் உப்புத்தண்ணீர் கீழ்வீட்டுக் கூரை வழியாக இறங்கும் என்றார். சின்னதாக ஒரு கிண்ணம் போதாதா என்று கெஞ்சினார். அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"கையில பிடிமானம் இல்ல. நீ போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கல்லை இறக்கப் போறேங்கிற."

"ஆமா."

"கை நழுவினா?"

"நழுவும்க்கா. நழுவாதுன்னு நான் சொல்லலையே. நழுவினாலும் உடையக் கூடாது. அதுக்கு என்ன பண்ணணுமோ அதைப் பண்றேன்."

அதன்பிறகு அவள் கவலையெல்லாம் அடிக்கண்ணாடியைப் பற்றித்தான். தொட்டி செய்தவர்கள் அடியில் நுரை விரிப்பு கட்டாயம் என்று சொல்லியிருந்தார்கள். மேசையைத் துடைத்தாள்; இடது உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடியும் துடைத்தாள். ஒரு பொடிக்கல் சிக்கினால்கூடத் தண்ணீரின் கனமெல்லாம் அந்த ஒரு புள்ளியில் போய் அழுத்தும். ரசமட்டம் வைத்து மேசை சாயவில்லை என்று உறுதி செய்து, நுரையை விரித்த பிறகே தொட்டியை ஏற்ற விட்டாள்.

தொட்டிக்கு உள்ளேயும் ஒரு விரிப்பு வேண்டும் என்றாள். தொட்டி விற்ற கடைக்காரருக்கு அது வீண்வேலையாகத் தெரிந்தது. நிறையப் பேர் வெறும் கண்ணாடி மேலேயே பாறையை வைக்கிறார்கள், ஒன்றும் ஆவதில்லை என்றார்.

"அவங்க கை வேற, என் கை வேற" என்றாள் டீச்சர்.

அடியின் அளவுக்குக் கொஞ்சம் குறைவாக அக்ரிலிக் தகடு ஒன்று வெட்டி வரவழைத்தாள். கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பசையில் உரசாதபடி அதன் மூலைகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கினாள். வலது கை தகட்டை அமுக்கிப் பிடிக்க, இடது கை தேய்த்தது. பிடி விடும்போதெல்லாம் தகடு தரையில் விழும். எடுத்து மறுபடி தேய்ப்பாள். அக்கா கை நீட்டியபோது, "கேட்டா மட்டும் வா" என்றாள். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள்.

தகட்டை அடியில் போட்டு, தண்ணீர் இல்லாத தொட்டியிலேயே பாறைகளை அடுக்கினாள். மணல் கடைசியில்தான்; மணல்மேல் பாறையை உட்காரவைத்தால், மீன் அடியில் தோண்டும்போது பாறை சரிந்துவிடும். ஒவ்வொரு கல்லையும் துண்டில் தொட்டில்போல் கட்டி, பாரத்தை இடது கையில் வாங்கி, வலது கையை வழிகாட்ட மட்டும் வைத்து இறக்கினாள். முதல் கற்கள் ஒழுங்காக உட்கார்ந்தன.

பெரிய கல்லை இறக்கும்போது முடிச்சு நெகிழ்ந்தது. வலது கை அதைத் தாங்கப் போய், அப்படியே விட்டுவிட்டது. மடேர் என்ற சத்தத்தில் அக்கா பால்கனியிலிருந்து ஓடி வந்தாள். கணவர் பாதிச் சவரத்தோடு வந்து நின்றார்.

"போதும் டீச்சர். இனிமே நான் வைக்கிறேன்."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்க உதவுங்க. வைக்கிறது நான்."

மூவருமாகக் கற்களை வெளியே எடுத்துத் தகட்டைத் தூக்கினார்கள். தகட்டில் கல் பட்ட இடத்தில் வெள்ளையாக ஒரு பள்ளம் இருந்தது. அதற்கு நேர்கீழே கண்ணாடியில் டார்ச் அடித்து, சாய்த்தும் நேராகவும் பார்த்தாள். கணவரை நகத்தால் வருடிப் பார்க்கச் சொன்னாள். கீறல்கூட இல்லை.

அக்கா அழுதுகொண்டிருந்தாள். "இன்னிக்கு தப்பிச்சுது. அடுத்த தடவை?"

"அடுத்த தடவையும் விழலாம்க்கா. அன்னிக்கும் அடியில தகடு இருக்கும். நீ பயப்படுறேன்னு நான் கையைக் கட்டிட்டு உக்காந்தா, இந்தக் கை சும்மா தொங்குறதோட நின்னுடும். அதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்."

குரல் உயரவில்லை. காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பதறுகிற மாணவனிடம் பேசும் அதே குரல். அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள், கல்லைத் தொடவில்லை. டீச்சர் தகட்டையும் மற்ற கற்களையும் திரும்ப வைத்தாள். பிறகு துண்டை இரட்டையாக மடித்து, முடிச்சை இழுத்துச் சோதித்து, அதே பெரிய கல்லை மறுபடியும் இறக்கினாள். மெதுவாகத்தான். ஆனால் உட்கார்ந்தது.

தண்ணீர் நிரப்பியதும் கணவர் தொட்டியைச் சுற்றிப் பழைய துணிகளைப் பரப்பி, கடைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் குனிந்து தொட்டுப் பார்த்தார். துணிகள் உலர்ந்தே இருந்தன. மணல் போட்ட பிறகு வந்து சேர்ந்த ஓர் இறால் அடியிலெல்லாம் சுரங்கம் தோண்டியது. தகட்டின்மேல் நின்ற பாறை அசையவே இல்லை.

பவளம் வைத்த அன்று மருந்துக்கடை விடுமுறை. விரல் அளவு துண்டில் பசை தடவி, வலது கையாலேயே தண்ணீருக்குள் கொண்டுபோனாள் டீச்சர். கை கொஞ்சம் விலகி, குறி வைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டியது. கொஞ்சம் பசை விரலிலும் ஒட்டிக்கொண்டது.

"கோணலா இருக்கே" என்றார் கணவர்.

"இருக்கட்டும்" என்று கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த துண்டை எடுக்கச் சொன்னாள். அக்கா எடுத்து நீட்டினாள், கையில் திணிக்காமல்.