ஹனீப் பாய் கடைக்கு அஞ்சலி

பழைய தாராவிக்காரர்களான எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருவர் ஹனீப் பாய் சோடாக் கடையின் படத்தைப் போட்டு, 'அதெல்லாம் ஒரு காலம்' என்று எழுதினார். கடையை மூடிவிட்டார்கள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். யாரும் போய்ப் பார்க்கவில்லை. அறுபத்து மூன்று பேர் அழுகிற முகம் அனுப்பினார்கள். பன்னீர் சோடாவைப் பற்றியும், கூடவே பாய் கையில் திணிக்கும் தேன்மிட்டாயைப் பற்றியும் தாராவியிலிருந்து அரைமணி நேரத்தில் இருக்கும் செம்பூரில் உட்கார்ந்தபடி நானும் நீளமாக எழுதினேன்.

மறுவாரம் கைப்பையின் ஜிப் பிய்ந்துபோனதால், அதைத் தைக்கத் தோல்பைக் கடைகள் இருக்கும் தாராவிக்குப் போனேன். அந்தப் பக்கம் போய்ப் பன்னிரண்டு வருடமாயிற்று. கடை திறந்திருந்தது. ஹனீப் பாய் கோலியை உள்ளே தள்ளி, பன்னீர் சோடாவை நீட்டினார். லேசாகச் சோப்பு வாசம் அடித்தது. அந்தக் காலத்திலும் அடிக்கும். அதை மட்டும் யாரும் எழுதவில்லை.

"உங்க கடையப் பத்தி எல்லாரும் எழுதுதாங்க, பாய்" என்று குழுவில் வந்ததை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். அவர் பாட்டிலைத் துடைத்துக்கொண்டே கடைசிவரை கேட்டார்.

"இம்புட்டு நல்ல கடையாம்மா?" என்றார். "எங்க இருந்துச்சு அது?"