எதிர்த்து நிற்கும் பாடம்

என் வீட்டுக்காரர் எங்கள் வீட்டு ஹாலில் சாயங்காலம் ஆங்கில வகுப்பு எடுக்கிறார். வாய் கிழியப் பேசுவார். அன்றைக்குப் பாடம் ‘ஸ்டாண்ட் அப் டு’.

“பயப்படாம ஒருத்தரை எதிர்த்து நிக்கிறது. முதலாளி அநியாயம் பண்ணினாரா? ‘ஐ ஸ்டுட் அப் டு ஹிம்’னு சொல்லணும். ‘டு’வுக்குப் பதில் ‘ஃபார்’ போட்டா, ஒருத்தருக்காகப் பரிஞ்சு நிக்கிறது. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க!”

சொந்த வாழ்க்கையில் நடந்ததைத்தான் வாக்கியமாகச் சொல்ல வேண்டும் என்பது அவர் சட்டம். படிக்க வரும் நர்ஸ், பெரிய டாக்டரை எதிர்த்ததைச் சொன்னாள். டெய்லர், வீட்டு ஓனரை எதிர்த்ததைச் சொன்னார். இவர் மேஜையைத் தட்டிப் பாராட்டினார். அடுப்படியில் நின்ற எனக்கே புல்லரித்தது.

அப்போது வாசலில் வண்டி வந்து நின்றது. அவருடைய அக்கா பழைய சோபாவும் கட்டிலுமாக இறங்கினாள். புதுசு வாங்கிவிட்டாளாம், பழசைத் தூக்கிப்போட மனசில்லையாம். பரீட்சைக்குப் படிக்கிற என் மகளின் அறைதான் அவள் கண்ணில் பட்டது.

“தம்பி, பின் ரூமைக் காலி பண்ணு.”

“சரிக்கா.”

மகளின் புத்தகங்களை அவரே அள்ளினார். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறை வாசலில் குறுக்கே போய் நின்றேன்.

“அண்ணி, அடுத்த வாரம் இவளுக்குப் பரீட்சை. இந்த ரூமைத் தர முடியாது.”

நாத்தனார் என்னை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். வகுப்பே எழுந்து எட்டிப் பார்த்தது. இவருக்கு எங்கிருந்துதான் வீரம் வந்ததோ, “இந்த வீட்டுல முடிவு எடுக்கறது நான்! யாருக்கும் பயப்பட மாட்டேன்!” என்று என்மேல் பாய்ந்தார்.

ஒருவழியாக எதிர்த்தேவிட்டார், என்னை.

சோபாவும் கட்டிலும் உள்ளே போயின. நான் ஹாலுக்குப் போனேன். மேஜையில் இருந்த சாக்பீஸ், டஸ்டரை எல்லாம் ஒதுக்கிவிட்டு மகளின் புத்தகங்களை அடுக்கினேன்.

“பரீட்சை முடியற வரைக்கும் இவ இங்கதான் படிப்பா. வகுப்பு கிடையாது. எல்லாரும் போயிட்டு வாங்க.”

நர்ஸ்தான் முதலில் பையை எடுத்தாள். மற்றவர்களும் செருப்பைத் தேடினார்கள். அக்காவின் வண்டி தெருமுனை திரும்பும்வரை இவர் வாசலில் நின்று கையாட்டிவிட்டு வந்தார்.

“சோபாவையும் கட்டிலையும் வேணும்னா மொட்டை மாடியில போட்டுடலாம்மா,” என்றார், குரலைத் தாழ்த்தி.

“அதை உங்க அக்காவுக்கு இப்பவே போன் போட்டுச் சொல்லுங்க.”

போனை எடுத்தார். பெயரைத் தேடினார். அப்புறம் சார்ஜ் இல்லை என்றார்.