பலகைத் தளம்

புறச்செவி, நடுச்செவி, உட்செவி. நடுச்செவியில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று சின்ன எலும்புகள். ஐந்து வருஷமாகப் பத்தாம் வகுப்புக்கு இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் மகளின் காதைப் பற்றி மட்டும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

குழலிக்கு இரண்டே கால் வயது. இன்னும் ஒரு சொல் வரவில்லை. அவளுக்கு எட்டு மாதமானபோது என் மனைவி பவுனு இறந்துபோனாள். அதிலிருந்து குழந்தை ஸ்ரீரங்கத்தில் என் அக்கா வீரம்மாளிடம் வளர்கிறது. நான் சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையில் இருக்கிறேன். ஞாயிறுதோறும் போய்ப் பார்ப்பேன்.

"இன்னும் பேசலியே அக்கா."

"நீ மட்டும் பேசுறியாக்கும்? வாரத்துல ஒரு நாள் வந்து செவுத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே. புள்ளை யாரைப் பாத்துப் பேசும்?"

"காது கேக்குதான்னு..."

அவள் பித்தளைத் தட்டை எடுத்து, குழலியின் முதுகுக்குப் பின்னால் தரையில் போட்டாள். குழலி திரும்பிப் பார்த்தாள்.

"போதுமா, பி.எஸ்.சி.?"

போதவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பின்னாடி சத்தம் போட்டா திரும்புதா?"

"திரும்புது."

"அப்புறம் என்ன? சில புள்ளைங்க லேட்டாத்தான் பேசும். போயிட்டு வாங்க."

மூன்று மாதம் ஓடியது. ஒவ்வொரு ஞாயிறும் தட்டு விழுந்தது. ஒவ்வொரு ஞாயிறும் திரும்பினாள். பேசவில்லை.

போன வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒலிப் பாடம். இசைக்கவை என்கிற இரும்புக் கவட்டையைத் தட்டி, அதன் காம்பை மேசைமேல் ஊன்றினேன். மேசையில் கை வைத்து நின்ற லேப் அட்டெண்டர் மருதை சிரித்தார்.

"கை குறுகுறுங்குது சார். செவிடனுக்கும் தெரியும் போலருக்கே."

சாக்பீஸைக் கீழே வைத்தேன். அக்கா குடியிருப்பது மாடியில். பழைய வீடு, பலகை பாவிய தளம். பூனை குதித்தாலும் அதிரும். குழலியை அந்தத் தளத்தில் உட்கார வைத்துத்தான் இத்தனை நாளும் சோதித்திருக்கிறோம். இசைக்கவையை வருஷா வருஷம் மேசையில் ஊன்றிக் காட்டுகிறவன் நான்.

ஞாயிறு காலை குழலியை ஊஞ்சலில் உட்கார வைத்தேன். உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் பலகை அது. ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்தேன்.

"இப்பத் தட்டைப் போடுக்கா."

தட்டு விழுந்தது. குழலி சங்கிலி வளையத்தைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை."

"புள்ளை வெளையாட்டுக் கவனத்துல இருக்குடா."

"போடுன்னா போடு."

நாலைந்து தடவை போட்டாள். கீழ் வீட்டு ஸ்ரீரங்கராஜன் பாதிப் படி ஏறி வந்து, "ஞாயித்துக்கிழமையும் பாத்திரக்கடையா, ஸார்?" என்று கத்தினார். குழலி திரும்பவில்லை.

அவளைத் தரையில் இறக்கிவிட்டேன். தட்டு விழுந்தது. உடனே திரும்பினாள்.

அக்கா தட்டோடு நின்றாள். "அப்ப பவுனு பாடுனது?" என்றாள்.

பவுனு இங்கே வரும்போதெல்லாம் குழந்தையை இந்த ஊஞ்சலில் மடியில் போட்டுக்கொண்டுதான் பாடுவாள்.

"வாத்தியாருதானே நீ? இது மொதல்லயே தெரிய வேணாமா?"

கேட்டது நியாயம்தான்.

குழலியின் உள்ளங்கையை எடுத்து என் தொண்டையில் வைத்தேன். "குழலி" என்றேன். கையைப் பிடுங்கிக்கொண்டாள். மறுபடி வைத்தேன். மறுபடியும் பிடுங்கினாள். மூன்றாவது தடவை என் கையைக் கடித்தாள். நாலாவது தடவை எரிச்சலில் என் குரல் உயர்ந்துவிட்டது. கை அங்கேயே நின்றது. அவள் என் வாயைப் பார்த்தாள்.

அக்காவிடம் காகிதம் வாங்கி, திங்கட்கிழமைக்கு லீவு எழுதினேன். காரணம்: டாக்டர் கேட்டதற்கு நான் தவறான பதில் சொல்லிவிட்டேன். போய்த் திருத்த வேண்டும்.