ரீமருக்கு வைத்த மிச்சம்

வீரையன் கூலிப் போராட்டத்தில் கைதாகி லாக்கப்பில் இருந்தான். மறுநாள் காலை அவனுடைய குத்தகை நிலத்தைப் பார்க்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வருகிறார். வயலில் பச்சை இருந்தால் பயிரிடுகிறவர் பெயர் குத்தகைப் பதிவேட்டில் ஏறும். காய்ந்து கிடந்தால் தரிசு என்று எழுதிவிடுவார். நிலம் மிராசுதார் கல்யாணத்திடம் போய்விடும். ஆற்றில் தண்ணீர் இல்லை, பயிர் வாடிக்கொண்டிருந்தது. கிணற்றிலிருந்து இறைக்கிற டீசல் இன்ஜினும், ராடின் துளைக்குள் இருக்கும் புஷ் என்ற உலோக வளையம் தேய்ந்து நின்றுவிட்டது. வீரையன் மனைவி நீலாம்பாள் இன்ஜின் ராடைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு தஞ்சாவூரில் என் லேத் பட்டறைக்கு வந்துவிட்டாள்.

என்னிடம் ஒரே ஒரு புஷ்ஷுக்குத்தான் கன்மெட்டல் வெண்கலம் இருந்தது. அதைக் கடைந்துகொண்டிருக்கும்போது கல்யாணமே வந்து நின்றார். அவருடைய இன்ஜின்கள் எல்லாம் என்னிடம்தான் ரிப்பேருக்கு வரும்.

“துரைராசு, அந்த ராடு திங்கட்கிழமைக்கு ஆனாப் போதும். அவசரப்படாதீங்கோ.”

“பார்க்கலாம்ங்க” என்றேன். வாடிக்கைக்காரரிடம் வேறு என்ன சொல்வது? மூலையில் உட்கார்ந்திருந்த நீலாம்பாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் போனதும் புஷ்ஷை ராடில் அடித்து ஏற்றி, டிரில்லிங் மெஷினில் ரீமரை மாட்டினேன். ரீமர் துளை போடாது. போட்ட துளையைச் சீவி அளவுக்குக் கொண்டுவரும். சீவ மிச்சம் வைக்க வேண்டும். அதிகம் வைத்தால் கிழிக்கும், குறைத்தால் சும்மா தேய்க்கும். நான் வைத்தது இஞ்சில் நூறில் ஒரு பங்கு. பெல்ட்டையும் குறைந்த வேகத்துக்கு மாற்றினேன். ரீமர் நிதானமாகச் சுற்ற வேண்டும். கைப்பிடியை இறக்குவதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. இதைத் தலைகீழாகச் செய்கிற மேதாவிகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். பெயர் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

ரீமர் பாதி இறங்கியிருக்கும். நீலாம்பாள் எழுந்து வந்து மெயின் சுவிட்சை இறக்கிவிட்டாள்.

“அய்யா வந்துட்டுப் போனாரு, உடனே மிஷினு மெதுவா ஓடுது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா அண்ணே?”

எனக்கு வந்த கோபத்தில் ஸ்பானரைத் தரையில் வீசினேன். “அறிவிருக்காம்மா? வேகமா ஓட்டினா ஓட்டை பெருசாயிடும். இது போச்சுன்னா வேற புஷ்ஷு இல்ல!”

அப்போதுதான் அவள் முகம் வெளுத்தது. கெட்டதென்று பயந்துபோய் நான் ரீமரைப் பின்பக்கம் திருப்பியிருந்தால் துளையில் கீறல் விழுந்திருக்கும். பெல்ட்டைக் கையால் முன்பக்கமே சுற்றி, மெதுவாக விடுவித்து, மறுபடி ஓட்டினேன். அவள் சுவிட்சுக்குக் காவல் மாதிரி நின்றாள். ராடோடு அவள் கொண்டுவந்திருந்த பிஸ்டன் பின்னை விட்டுப் பார்த்தேன், துளைக்குள் வழவழவென்று இறங்கியது. எனக்கும் மூச்சு வந்தது.

அவளோடு பஸ் ஏறிப் போய் நானே ராடை மாட்டினேன். பொழுது சாயுமுன் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. நான் அங்கேயே தங்கினேன்.

காலையில் இன்ஸ்பெக்டர் ஈர வயலில் நிமிர்ந்து நின்ற பச்சையைப் பார்த்தார். பக்கத்தில் கல்யாணம் குடையோடு நின்றார்.

“வீரையன் லாக்கப்புல இருக்கான். இங்க பயிர் வைக்க யாரு இருக்கா?” என்றார் கல்யாணம்.

“நான் இருக்கேன்ல” என்றாள் நீலாம்பாள்.

“சாட்சி யாரு?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். கூடியிருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். கல்யாணம் என்னைப் பார்த்தார். அவர் இன்ஜின் ஒன்று அப்போதும் என் பட்டறையில் பிரித்துக் கிடந்தது. ஆனாலும் கையிலிருந்த கிரீஸை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டேன்.

இன்ஸ்பெக்டர் எழுதியதைப் படித்தார்: “பயிர் செய்பவர், நீலாம்பாள்.”

“என் பேரா?” என்றாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

எல்லோரும் போன பிறகு என் பக்கம் திரும்பினாள். “அவரு வெளிய வந்து, ஏன் ஒம் பேருல எழுதினாங்கன்னு கேட்டா என்னண்ணே சொல்றது?”

நான் யோசிப்பதற்குள் அவளே மண்வெட்டியை எடுத்தாள்.

“போயித் தண்ணி கட்டுங்கன்னு சொல்றேன்.”