சோற்றாங்கை

...இவளாக இருக்குமோ, இல்லை முன்னால் சிரித்துக்கொண்டு போகிறாளே ஊதாத் தொப்பிக்காரி, அவளா... மல்சூன் ஷூ நாடாவைக் கட்டுகிற சாக்கில் குனிந்து ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள், எல்லாரும் ஒரே கடையில் பேரம் பேசி வாங்கியதுபோல் கண்ணைப் பறிக்கிற சட்டை, மூக்குவரை துணி, கையில் ஊன்றுகோல், இதில் எவளென்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்துத்தான் என்ன ஆகப்போகிறது... ஆகும், ஏதாவது ஆகும். மார்ச் மாதம் கணவன் தொக்பே அலுவலக நாற்காலியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்ததிலிருந்து அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, இழவு மண்டபத்தில் வந்தவர்களெல்லாம் அவள் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார்கள், அவளும் காத்திருந்தாள், வரவில்லை. அவன் சனிக்கிழமைதோறும் இந்த மலையேற்றக் குழுவோடு போய்விட்டு மாடிப்படியில் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே வருவான், வாசல் வந்ததும் பாட்டு நின்றுவிடும், உள்ளே வருகிறவன் வழக்கமான தொக்பே, சாப்பாடு ஆச்சா, ஆச்சு, தூங்கலாமா, தூங்கலாம். அந்தப் பாட்டு யாருக்கு? அந்த ஒருத்தி யாரென்று தெரிந்துவிட்டால் கோபமாவது வரும், கோபம் வந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அழுகையும் வரும், மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்க்கிறோமே, அதுபோல. அதனால்தான் குழுத் தலைவர் குவாக் போனில் கூப்பிட்டு, “அண்ணி, இந்த வருஷம் இலை சிவக்கிறதைப் பார்க்க நீங்களும் நேஜாங் மலைக்கு வாங்க, அண்ணன் எப்பவும் உக்காந்து சாப்பிடுற பாறையில அவருக்கு ஒரு கிண்ணம் கள்ளு ஊத்திப் படைச்சிட்டு வருவோம்” என்று இழுத்தபோது, அவர் முடிப்பதற்குள் சரி என்றாள். பாவம், அவர் ஒரு மணிநேரம் கெஞ்சத் தயாராக இருந்திருப்பார்.

சிவப்பு. மேலே சிவப்பு, காலடியில் சிவப்பு, ஓடைத் தண்ணீரில்கூடச் சிவப்பு, மொட்டைமாடி முழுக்க மிளகாய் காயப்போட்டதுபோல் மலை கிடந்தது, எல்லாரும் ஐயோ ஐயோ என்று வாயைப் பிளந்தார்கள், செல்போனைத் தூக்கினார்கள், “அண்ணி, இங்க நில்லுங்க, சிரிங்க” என்றார்கள், அவள் நின்றாள், சிரித்தாள், ஆமாம் சிவப்புத்தான் என்று நினைத்துக்கொண்டாள், அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை, ஒரு மரம் இலையை உதிர்க்கப்போகிறது, அதைப் பார்க்க இத்தனை பேருந்தா... எதிரே இறங்கி வந்த ஒரு கிழவர், “இதோ வந்தாச்சு, இன்னும் கொஞ்சந்தான்” என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார், பின்னாலிருந்து குழுவின் வாயாடி பாங், “போன வளைவுலயும் ஒரு மனுஷன் இதையேதான் சொன்னான், மலைக்கு வந்துட்டா நம்மாளுங்க வாயில உண்மையே வராது” என்றான், ஊதாத் தொப்பி விழுந்து விழுந்து சிரித்தாள். இப்படிச் சிரிக்கிறவளா? இருக்காது, தொக்பேவுக்குச் சத்தம் ஆகாது... சத்தம் ஆகாது என்பது வீட்டுத் தொக்பேவுக்கு, பாடுகிற தொக்பேவுக்கு என்ன பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும். பச்சைக் கையுறைக்காரி வெள்ளரிக்காயை ஒடித்து நீட்டினாள், இவளோ? ஆனால் அவள் எல்லாருக்கும்தான் நீட்டினாள். கடைசியாக முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தவள் இன்சுக், பள்ளிக்கூடச் சமையற்காரி, நரைக்குச் சாயம்கூட அடிக்காதவள், பேருந்தில் ஒரு வார்த்தை பேசவில்லை, அவளை மல்சூன் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

பாறை வந்தது. பாறைதான், வேறென்ன, ஒருபக்கம் சாய்ந்து, மேலே ஒரு மேப்பிள் மரம் கவிழ்ந்து, தொக்பே உட்கார்ந்த இடம் என்று சொன்னால் உண்டு இல்லையென்றால் இல்லை. மலையில் மது கூடாது என்று வழியெல்லாம் பலகை வைத்திருந்ததால் மக்கொல்லி தண்ணீர்ப் புட்டியில் வந்திருந்தது, அரிசிக் கள்ளுக்கு வந்த வாழ்வு. பாய் விரித்து ஷூவைக் கழற்றினார்கள், கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டிய கிம்பாப், மீன் வறுவல், காரக் கோஸ் ஊறுகாயான கிம்ச்சி எல்லாம் திறந்தார்கள், குவாக், “முதல்ல அண்ணனுக்கு வைங்கப்பா” என்றார். யாரும் நகருமுன் இன்சுக் தன் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள், கிம்பாப் இல்லை, வெறும் சோறு, பக்கத்தில் முட்டைப் பொரியல், பாறைமேல் வைத்தாள், மூடியைத் திறந்தாள், சாப்பிடுகிற குச்சிகளைத் துடைத்து அருகில் கிடத்தினாள், இடது பக்கம்.

பாங்தான் பார்த்தான். “என்ன இன்சுக், தலைகீழா வெக்கிற? சோத்தாங்கைப் பக்கம் வை. பள்ளிக்கூடத்துல தினம் ஐந்நூறு பிள்ளைங்களுக்குச் சோறு போடுறவ, செத்த மனுஷனுக்கு ஒழுங்கா வெக்கத் தெரியலையா?”

சிலர் சிரித்தார்கள், இன்சுக்கின் முகம் வெளுத்தது, மல்சூனுக்கோ காதில் ஒன்றும் விழவில்லை, ஏனென்றால் அவள் என்றோ கடந்துபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் நின்றுகொண்டிருந்தாள். சந்தைக்குக் கிளம்பியவள் குடையை மறந்து திரும்பி வந்த மதியம், அடுப்படியில் தொக்பே நின்றபடியே சட்டியிலிருந்து நூடுல்ஸ் சாப்பிடுகிறான், இடது கையால், எவ்வளவு லாவகமாக, எவ்வளவு வேகமாக, விளையாட்டில் மூழ்கின பிள்ளை மாதிரி. மேசையில் எதிரே உட்கார்ந்து வலது கையால் பருக்கை பருக்கையாகச் சிந்திக்கொண்டு மெதுவாகச் சாப்பிடுகிறவனைத்தான் அவளுக்குத் தெரியும், கை வராத மனுஷன் என்று முப்பது வருஷம் நினைத்திருந்தாள். சின்ன வயதில் அடித்து மாற்றியிருப்பார்கள், அந்தக் காலத்தில் இடது கையால் குச்சி பிடித்த பிள்ளையை எந்த வீட்டில் விட்டார்கள். அவள் சத்தமில்லாமல் வாசலுக்குப் பின்வாங்கினாள், தொண்டையைக் கனைத்தாள், காலணியைத் தட்டிக் கழற்றினாள், உள்ளே வந்தபோது குச்சி வலது கைக்குப் போயிருந்தது. நல்ல காரியம் செய்தோம் என்று அன்றைக்குத் திருப்தியாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, உலகத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று பெட்டியில் பூட்டுவதுபோல் வைத்திருந்தாள். இந்த நரைமுடிக்காரிக்கோ அது பூட்டாமலே கிடைத்திருக்கிறது, இந்தப் பாறையில் எதிரே உட்கார்ந்து அவன் அந்தக் கையால் சாப்பிடச் சாப்பிடப் பார்த்திருக்கிறாள்.

இன்சுக்கின் விரல்கள் குச்சிகளை மாற்றி வைக்க நீண்டன.

“இருக்கட்டும்” என்றாள் மல்சூன். “அப்படியே இருக்கட்டும். அவரு அந்தக் கையாலதான் நல்லா சாப்பிடுவாரு.”

இன்சுக் அன்றைக்கு முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள், “அக்கா, உங்களுக்குத் தெரியுமா? உங்களுக்குத் தெரிஞ்சா அசிங்கமா நினைப்பீங்கன்னுல்ல அவரு...” என்று ஆரம்பித்து, முடிக்காமல், பொங்கிவிட்டாள், தோள் குலுங்க, இவ்வளவு நாளும் அழ இடமில்லாமல் வைத்திருந்ததெல்லாம் வந்தது. மல்சூன் கோபத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. இவர்களுக்குள் சோறு மட்டும்தானா, இன்னும் இருந்ததா, கேட்டால் இப்போது சொல்லிவிடுவாள், ஆனால் கேட்கத் தோன்றவில்லை, கேட்க வேண்டியது அதுவே இல்லை... குவாக் கிண்ணத்தில் ஊற்றினார், எல்லாரும் இரண்டு முறை விழுந்து வணங்கினார்கள், அவளும் வணங்கினாள், நெற்றி ஈரப் பாறையில் பட்டுக் குளிர்ந்தது, அசிங்கமாகவா நினைத்தேன், இல்லையே, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு நல்லா இருக்கா என்று கேட்டிருக்கலாமே, அன்றைக்கு நான் எதற்காகக் கனைத்தேன், அவனுக்கு வெட்கமாக இருக்கும் என்றா, இல்லை, பார்த்துவிட்டேன் என்று சொன்னால் அதற்கப்புறம் அவனோடு என்ன பேசுவதென்று எனக்குத் தெரியாமலா...